தூண்டில் போடுறவனுக்கு எதுக்குங்க அட்மிரல் பட்டம்?

கடத்தூர்க்காரன் மீன்பிடி பத்தி எழுதறான்னா சிரிப்பீங்கன்னு தெரியும். ஊர் பேருல 'கட' இருக்கே தவிர கடல் இல்ல. கடலைப் பாக்கணும்னா பாண்டிச்சேரிக்கு பஸ் புடிக்கணும். எங்களுக்கு வாய்ச்சது மழை பெஞ்சா நெறையுற ஏரி, வாணியாறு டேம், தொப்பையாறு டேம், ரெண்டு நாள் லீவு கெடைச்சா ஒகேனக்கல். அவ்ளோதான். ஆனாலும் ஞாயித்துக்கிழமையானா தங்கூஸ் நரம்பையும் மைதா உருண்டையையும் எடுத்துக்கிட்டு கிளம்புற ஒரு செட்டு இங்க இருக்கு. அடியேனும் அதுல ஒருத்தன்.

இப்போ அந்த செட்டுக்குள்ள ஒரு பஞ்சாயத்து. ஆளாளுக்குப் பட்டம் குடுக்கணுமாம். ஜாலிக்குத்தான். நானும் வேணாம்னு சொல்லல. ஆனா என்ன பட்டம், எதை வெச்சுக் குடுக்கறதுங்கறதுலதான் தகராறு.

முதல்ல வந்த யோசனை கிலோ கணக்கு. அஞ்சு கிலோ புடிச்சா மாலுமி, பத்து கிலோன்னா கேப்டன், இருபத்தஞ்சுன்னா அட்மிரல். முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு இருக்கவன் அட்மிரலாம்! கேப்டன்னு ஒருத்தனைக் கூப்பிட்டா தமிழ்நாட்டுல யாருக்காச்சும் கப்பல் ஞாபகம் வருமா சொல்லுங்க? விஜயகாந்த் முகம்தான் வரும். இன்னொருத்தர் கிளைச் செயலாளர், ஒன்றியம், மாவட்டம்னு ஒரு வரிசை போட்டார். இது கொஞ்சம் பரவால்ல, நம்ம மண்ணு வாசனை அடிக்குது. ஆனா ரெண்டே வாரத்துல கோஷ்டி பிரிஞ்சுடும் :-)

சரி, இங்கிலீஷ் வேணாம், நம்ம கடக்கரையில இருக்கிற பேரையே எடுத்துக்கலாம்னா, பேருக்குப் பஞ்சமே இல்ல. படகை நடத்துறவருக்கு தண்டல்னு ஒரு பழைய பேர் இருக்கு. ஈழத்துல தண்டையல்னு சொல்லுவாங்க. ஆந்திராவுல தண்டேல். 2025 பிப்ரவரியில அந்தப் பேர்லயே நாகசைதன்யா, சாய் பல்லவி நடிச்சு ஒரு படம் வந்துச்சே, அதேதான். ஈழத்துக் கரைவலையில வலைக்குச் சொந்தக்காரர் சம்மாட்டி, வலையை முன்ன நின்னு நடத்துறவர் மண்டாடி. ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுல போனீங்கன்னா இதெல்லாம் மாறிப்போயி டிரைவர்னு சாதாரணமா கூப்பிடுவாங்க. நடுக்கடல்ல இத்தனை உயிரை வெச்சுக்கிட்டு முடிவெடுக்கறவருக்கு லாரி ஓட்டுறவர் பேரு. எனக்கென்னவோ அந்த அலட்டல் இல்லாத பேருதான் ரொம்பப் புடிச்சிருக்கு.

ஆனா இதையெல்லாம் அப்படியே தருமபுரி மாவட்டத்துக்கு இறக்குமதி பண்ண முடியாதுங்க. எங்க பக்கம் தண்டல்னா தினவட்டி வசூல். "தண்டல்காரர் வர்றாரு"ன்னு சொல்லிப் பாருங்க, தெருவுல பாதி வீட்டுக் கதவு சாத்திக்கும். சம்மாட்டின்னா 'யார் மண்டையில அடிக்கப்போறீங்க'ன்னு கேப்பாங்க.

சிரிப்பு இருக்கட்டும். இதுல இன்னொரு விஷயம் இருக்கு. ஒருத்தர் பட்டங்கட்டின்னு ஒரு பேரை எங்கயோ படிச்சுட்டு வந்து, "டாப் ரேங்குக்கு இதை வெக்கலாம், கெத்தா இருக்கு"ன்னார். பட்டங்கட்டிங்கறது முத்துக்குளித்துறையில பரதவர் ஊர்த்தலைவருக்கு இருந்த பேரு. போர்ச்சுகீசியர் காலத்து ஆவணத்துலயே அது இருக்கு. நானூறு அஞ்நூறு வருசம் ஒரு சனம் சுமந்துட்டு வந்த பதவியை, நாலு கெண்டை புடிச்சதுக்காக நாம எடுத்து மாட்டிக்கறதா? அதைவிடக் கொடுமை, வேற ஒருத்தர் விளையாட்டா ஒரு சாதிப் பேரையே சொன்னார். ஏரி மீன் புடிக்கிறதையே தலைமுறை தலைமுறையா தொழிலா வெச்சிருக்கவங்க பேரு. அவர் கெட்ட எண்ணத்துல சொல்லல, வாஸ்தவம். ஆனா அது பட்டம் இல்லீங்களே, ஒருத்தரோட பிறப்பு. 1929-ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல பேருக்குப் பின்னாடி இருந்த சாதி வாலை வெட்டணும்னு தீர்மானம் போட்ட ஊரு இது. வெட்டின வாலை நாம தூண்டில் போட்டு மறுபடியும் இழுத்துட்டு வரணுமா? வேண்டவே வேண்டாம்னு கத்திட்டேன். மீனவன்ங்கற பேரும் அப்படித்தான். 2017-ல ஒக்கி புயல்ல கடலுக்குப் போயி திரும்பாம போனாங்க பாருங்க, அவங்க பேரு அது. ஞாயித்துக்கிழமை மட்டும் தூண்டில் புடிக்கிற நமக்கு அது ஆகாது.

இப்போ கிலோ கணக்குக்கு வர்றேன். என்னோட உண்மையான சண்டை இங்கதான்.

எடைக்குப் பட்டம்னு வெச்சா எல்லாரும் எதைத் தேடிப் போவாங்க? விராலைத்தான். ஏரியில அதுதான் கெத்து. விரால் முட்டை பொரிச்சதும் குஞ்செல்லாம் செவப்பா ஒரே கொத்தா தண்ணிக்கு மேல வந்து வந்து போகும். பாத்திருக்கீங்களா? தட்டு அகலத்துக்கு தண்ணி கொதிக்கிற மாதிரி இருக்கும். அதுக்குக் கீழயே தாயோ தகப்பனோ காவலுக்கு நிக்கும். அந்தக் கொத்து நடுவுல ரப்பர் தவளையை வீசினா போதும், காவல் மீன் வந்து கவ்விடும். பசிக்கு இல்ல, புள்ளைங்களைக் காப்பாத்தறதுக்கு. விஷயம் தெரிஞ்சவனுக்கு இதைவிட சுலபமான மீனு கெடையாது. தூக்கினா ரெண்டு கிலோ, ஒரே நாள்ல பிரமோஷன். காவல் போன அடுத்த நிமிஷத்துல இருந்து அந்தக் குஞ்சுங்க மத்த மீனுக்கும் கொக்குக்கும் சாப்பாடு. அப்புறம் "முன்ன மாதிரி இந்த ஏரியில விராலே இல்லப்பா"ன்னு பொலம்ப வேண்டியது.

இது எங்க ஊர் ஏரிக்கு மட்டும் இல்ல. ஒகேனக்கல்ல கொட்டுற காவேரித் தண்ணி, மேல கர்நாடகத்துல மகசீர் மீனுக்குப் பேர் போனது. காவேரியோட சேர்ற கபினியில 1946-ல வான் இங்கன்ங்கறவர் 120 பவுண்டுக்கு ஒண்ணைப் புடிச்சார். 54 கிலோ! அந்த எடையைத்தான் இன்னிக்கும் சாதனைன்னு சொல்லிக்கறாங்க. ஆனா அந்தக் காவேரி மகசீருக்கு 2018-லதான் சரியான அறிவியல் பேரையே உறுதி பண்ணாங்க. அதே வருசம் அழியற விளிம்புல இருக்கிற மீன்னு சிவப்புப் பட்டியல்லயும் சேத்தாங்க. அணை, வெடி வெச்சு புடிக்கிறது, வெளியில இருந்து கொண்டாந்து விட்ட வேற மகசீர்னு காரணம் பல இருக்கு, தூண்டில்காரன் தலையில மட்டும் பழியைப் போடல. எடையை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டா மீனு மறந்துபோகும்ங்கறதுக்காகச் சொல்றேன்.

பதவி உயர்வு குடுத்தே ஆகணும்னா ஜப்பான்காரனைப் பாருங்க. அவன் ஆளுக்குக் குடுக்கல, மீனுக்குக் குடுத்துட்டான்! ஒரே மீனுதான். டோக்கியோ பக்கம் குட்டியில வகாஷி, கொஞ்சம் வளந்தா இனாடா, அப்புறம் வராசா, முழுசா வளந்தாதான் பூரி (நம்ம பூரி கிழங்கு இல்ல). பழைய காலத்துல அங்க வீரனுங்க பதவி உயர உயர பேரை மாத்திக்குவாங்களாம், அந்தக் கணக்கு. நல்ல ஏற்பாடு. சின்ன மீனைப் புடிச்சா 'இன்னும் பிரமோஷன் ஆகல, போயிட்டு வா'ன்னு தண்ணியில விட்டுடலாம்.

பட்டம் வேற, பட்டப்பேர் வேற. பட்டம் நாமளே போஸ்டர் அடிச்சு ஒட்டிக்கலாம். அஜித் 2021-ல 'தல' வேணாம்னார், கமல் 2024-ல 'உலக நாயகன்' வேணாம்னார். சுமக்கிறவங்களுக்கே அது பாரமாத்தான் இருக்கு போல. பட்டப்பேர் அப்படி இல்ல, கூட இருக்கவங்க பாத்துப் பாத்து வெக்கிறது. அதுலயும் நொண்டி, கருவாயன்னு வெக்கிற கெட்ட பழக்கம் நம்மகிட்ட உண்டு, அது கூடவே கூடாது. வெச்ச பேருக்கு அந்த ஆளும் சேந்து சிரிக்கணும். சிரிக்கலைன்னா அன்னிக்கே அழிச்சுடணும்.

இப்படிப் பேசிப் பேசி இப்போதைக்கு நோட்டுல ஏறியிருக்கிறது இவ்ளோதான். யாரும் கூப்பிடாமலே வந்து எல்லா எடத்துலயும் இருக்கிற ஆளுக்கு ஜிலேபி. (1952-ல வெளிநாட்டுல இருந்து கொண்டாந்த திலேப்பியா, இன்னிக்கு நம்மூர்ல எந்தக் குட்டையில இல்ல? வாயில நுழையாத பேரை நம்மாளுங்க ஜிலேபின்னு மாத்தினாங்க பாருங்க, பேரு வெக்கிறதுல அதுதான் எனக்கு முன்மாதிரி.) பேசினாலே முள்ளு குத்துற மாதிரி இருக்கவருக்கு கெளுத்தி. உக்காந்தா இருட்டுற வரைக்கும் எந்திரிக்காதவருக்கு ஈயக்குண்டு. தூண்டிலைப் போட்டுட்டு தூங்கி விழறவருக்கு தக்கை. ஏலம் எடுத்தவர்கிட்ட போயி பவ்யமா அனுமதி வாங்கிட்டு வர்றவருக்கு தாசில்தார்.

மத்தவங்க நரம்புல விழுந்த சிக்கலை முகம் சுளிக்காம உக்காந்து எடுத்துக் குடுக்கற ஒரு அண்ணன் இருக்கார். அவர் மீன் புடிச்சு நான் பாத்ததே கம்மி. கிலோ கணக்குல பாத்தா அவர் இன்னும் மாலுமி கூட ஆகியிருக்க மாட்டார். அவருக்கு சிக்கெடுத்தார்னு வெச்சோம். அந்தப் பேருக்கு மேல வேற பேரு வெக்கக்கூடாதுன்னு நான் சொல்லிட்டேன், எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஈயக்குண்டு மட்டும் இன்னும் அட்மிரல் வேணும்னு அடம் புடிக்கிறார்.

டிஸ்கி: எனக்கு என்ன பேருன்னு கேக்காதீங்க. ஜிலேபிக்கு நேரா யார் பேரு இருக்குன்னு நோட்டைப் பாத்தவங்களுக்குத் தெரியும் :-))