கடிதம் இல்லாத பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போவது?

ஹாலிஎல பஸ் தரிப்பிடத்தில் அந்தத் தாயைச் சந்தித்தபோது அவர் கையில் ஒரு பொலித்தீன் பை இருந்தது. மகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, கடைசித் தவணைப் புள்ளி அறிக்கை எல்லாம் அதற்குள் பத்திரமாக இருந்தன. விடுகைப் பத்திரம் மட்டும் இல்லை.

டித்வா புயலில் அவர்கள் இருந்த லயனுக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்தது. இனி அங்கே இருக்க முடியாது என்றார்கள். ஹாலிஎலவுக்குப் பக்கத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மகள் எட்டாம் தரம். பழைய பாடசாலைக்குப் போவதென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். பக்கத்துப் பாடசாலையில் கேட்டால், முதலில் விடுகைப் பத்திரம் கொண்டுவரச் சொல்கிறார்கள். பழைய பாடசாலையில் கேட்டால், புதிய பாடசாலை ஏற்றுக்கொள்ளும் என்று கடிதம் வேண்டும் என்கிறார்கள்.

"அட்ரஸுக்கும் அத்தாட்சி கேக்குறாங்க மிஸ். எங்களுக்கு லயன் நம்பர்தான் இருக்கு. அந்த லயனும் இப்ப இல்ல. யாராச்சும் பெரிய ஆளுகிட்ட லெட்டர் வாங்கிட்டு வந்தா லேசுன்னு ஒருத்தர் சொன்னாரு."

அவர் கடைசியாகச் சொன்னதைத்தான் நான் இங்கே எழுத வந்தேன்.

2018 ஜனவரியில் பதுளையில் நடந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது ஊவா மாகாண முதலமைச்சராக இருந்த சாமர சம்பத் தசநாயக்கவே மாகாணக் கல்வி அமைச்சரும்கூட. ஒரு மாணவியைச் சேர்த்துக்கொள்ளும்படி அவர் கொடுத்த கடிதத்தை பதுளை தமிழ் மகளிர் வித்தியாலய அதிபர் பவானி ஏற்கவில்லை. முதலமைச்சரின் வாசஸ்தலத்துக்கு அழைக்கப்பட்டு, அங்கே மண்டியிட வைக்கப்பட்டதாக அதிபர் குற்றஞ்சாட்டினார். நாடெங்கும் ஆசிரியர்கள் வீதிக்கு இறங்கினார்கள். தசநாயக்க கல்வி அமைச்சுப் பொறுப்பிலிருந்து விலகினார். கைதாகிப் பிணையில் விடப்பட்டார்.

அப்போது எல்லோரும் ஒரு பெண் அதிபருக்கு நேர்ந்த அவமானத்தைப் பற்றிப் பேசினோம். பேசத்தான் வேண்டும். ஆனால் ஒரு பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க முதலமைச்சரின் கடிதம் எதற்கு என்று நாம் போதுமான அளவு கேட்கவில்லை. கடிதத்துக்கு மறுப்புச் சொன்ன அதிபரை மண்டியிட வைக்கும் முறைமைதான், கடிதமே இல்லாத தாயை வாசலில் நிறுத்தி வைக்கிறது.

முதலாம் தரத்துக்கும் ஆறாம் தரத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. விண்ணப்பம், புள்ளி, நேர்முகம், மேன்முறையீடு என்று பெற்றோருக்குத் தெரிந்த படிகள் உண்டு. இடைநடுவில் மாறும் பிள்ளைக்கு அந்தப் பாதை அவ்வளவு தெளிவாக இல்லை. தேசிய பாடசாலை என்றால் கொழும்பில் உள்ள அமைச்சு. மாகாணப் பாடசாலை என்றால் மாகாணக் கல்வித் திணைக்களமும் வலயக் கல்விப் பணிமனையும். வகுப்பில் இடமுண்டா என்பதை அதிபர் சொன்னால்தான் தெரியும். பாதை தெளிவில்லாத இடத்தில்தான் சிபாரிசுக் கடிதம் நுழைகிறது.

தோட்டத்துப் பிள்ளைக்கு இதில் இன்னொரு சுமை. வதிவிடத்தை நிரூபிக்க உறுதிப் பத்திரம், வரிப் பற்றுச்சீட்டு, மின்கட்டணப் பட்டியல் என்று கேட்கிறார்கள். தலைமுறைகளாக லயனில் வாழ்ந்தும் காணி உறுதி இல்லாதவர்கள் எதைக் காட்டுவார்கள்? கடிதம்கூடப் பல தோட்டங்களில் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வருகிறது.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா நாடு முழுவதும் 600 இற்கும் அதிகமானோரைப் பலிகொண்டது. மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மலையக ரயில் பாதை சிதைந்தது. உயர்தரப் பரீட்சையே இடைநடுவில் நிறுத்தப்பட்டது. இதே மாவட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தை லயன்கள் மண்ணுக்குள் புதைந்தபோது, அருகிலிருந்த தமிழ்ப் பாடசாலைகளே முகாம்களாயின. பிறகு மக்களைப் பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். ஆக, மலையகத்தில் மண்சரிவால் பிள்ளைகள் பாடசாலை மாறுவது எதிர்பாராத விசயமல்ல. மழைக்காலம் வரும்போதெல்லாம் வரக்கூடியது. அதற்கென ஓர் ஒழுங்கு ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும்.

முடியாத காரியமா? 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது எனக்கு ஏழு வயது. முதலில் சாவகச்சேரி, பிறகு கிளிநொச்சி, அங்கிருந்து மல்லாவி. ஒரு வருடத்துக்குள் மூன்று பாடசாலைகள். எந்த அதிபரும் என் அம்மாவிடம் விடுகைப் பத்திரம் கேட்கவில்லை. பெயரையும் ஆண்டையும் கேட்டார்கள், மரத்தடியில் எந்த வரிசை என்று காட்டினார்கள். கொப்பிகூட இல்லாத காலத்தில் எங்கள் ஆசிரியர்களால் அதைச் செய்ய முடிந்தது. இந்தக் கட்டுரையை வாசிக்கும் பலருக்கு அந்த மரத்தடி ஞாபகம் இருக்கும்.

அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். 1987 இல் வந்து பின்னர் வலுப்படுத்தப்பட்ட மக்கினி-வெண்டோ சட்டத்தின்படி, வீடிழந்த பிள்ளையைப் பத்திரங்கள் இல்லாவிட்டாலும் பாடசாலை உடனே சேர்க்க வேண்டும். பழைய பாடசாலையிலேயே தொடர்வதுதான் பிள்ளைக்கு நல்லது என்றால், அதற்குப் போக்குவரத்து ஒழுங்கும் செய்ய வேண்டும். ஆவணங்களைத் தேடி எடுப்பது பாடசாலைகளின் வேலை, தாயின் வேலையல்ல.

ஊவாவுக்கும் இதுதான் வேண்டும். அனர்த்தத்தால் இடம்பெயர்ந்த பிள்ளையை கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு முதலில் வகுப்பில் இருத்துங்கள். விடுகைப் பத்திரத்தை இரு அதிபர்களும் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளட்டும். எந்தத் தரத்தில் எத்தனை இடம் உண்டு என்பதை வலயப் பணிமனை அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். இடம் எத்தனை என்று எல்லோருக்கும் தெரிந்தால் அரசியல்வாதியின் கடிதத்துக்கு வேலை குறையும். கடிதத்தை மறுக்கும் அதிபருக்கும் அது பாதுகாப்பு. மாகாண சபைகளுக்குத் தெரிவான உறுப்பினர்களே இல்லாத இந்தக் காலத்தில், இதைச் செய்யும் பொறுப்பு ஆளுநருக்கும் அமைச்சுக்கும் நேரடியாகவே உண்டு.

அதுவரை பெற்றோர் ஒன்றைச் செய்யலாம். வாய்ச்சொல்லில் "இல்லை" என்றால் திரும்பி வராதீர்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள், பிரதியை வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்புங்கள், மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். வகுப்பில் எத்தனை இடம் உண்டென்று 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம்.

அன்று பஸ் தரிப்பிடத்திலேயே அந்தத் தாயும் நானும் கோரிக்கைக் கடிதத்தை எழுதினோம். முகவரி எழுதும் இடத்தில் அவர் சற்றுத் தயங்கினார். பிறகு அண்ணன் வீட்டு விலாசத்தைச் சொன்னார். மகள் இப்போதும் காலையில் சீருடை போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாளாம்.