மயிலாடியில் காத்திருந்தவர்



இத்திங்கள் நாம் எழுத எண்ணியிருந்த பொருள் வேறு. எல்லைப்புறத்துப் பிள்ளைகள் பள்ளியில் ஒரு மொழியும் வீட்டில் ஒரு மொழியுமாகப் படும் பாட்டைப் பற்றிக் குறிப்புகள் எடுத்து வைத்திருந்தோம். அதற்குள் பாறசாலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரியாரின் கடிதம் வந்து சேர்ந்தது. பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டா என்று கேட்டுக்கொண்டிருக்கின்றார். ஆகவே கடிதத்தின் சாரத்தை மட்டும் கூறுகின்றோம்.

அவருடைய மூத்த மகன் பட்டம் பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அரசுப் பணிக்கான தேர்வு ஒன்றில் தேறி, தரவரிசைப் பட்டியலிலும் இடம் பெற்றான். வீட்டில் நன்றி ஜெபம்கூட நடந்ததாம். ஆனால் பட்டியலின் காலம் முடியும்வரை அவன் முறை வரவில்லை. அன்று தொட்டு அவன் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். “கேட்கிற காது ஒன்று இருந்தால் இத்தனை வருடமா அம்மா?” என்று ஒரு நாள் கேட்டானாம். சகோதரியார் அவனைக் கடிந்துகொண்டார். அன்றிரவு முழங்காலில் நின்றபோது அதே கேள்வி தம் உள்ளத்திலும் எழுந்ததாகவும், அதுவே தம்மை உறங்கவிடாமல் வருத்துவதாகவும் எழுதுகின்றார். “ஜெபிக்கும்போதே சந்தேகப்படுகிறேன். என் சந்தேகத்தினால்தான் மகனுக்கு வேலை கிடைக்கவில்லையோ?” என்பது அவர் வினா.

நாம் போதகர் அல்லோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, சீட்டுக் கொடுத்துக் கணக்கெழுதும் எழுத்தர். வேத சாத்திரம் கற்ற பெரியோர் சங்கத்தில் உளர். எனினும் காத்திருத்தல் என்பதைப் பற்றி நமக்கும் சிறிது தெரியும் என்பதனால் இந்தத் துணிவு.

நம் தந்தையார் இருப்புப்பாதைப் பராமரிப்பு வேலையில் இருந்து, பணிக்காலத்திலேயே மறைந்தவர். அவ்வாறு மறைந்தவர் குடும்பத்தில் ஒருவர்க்கு வேலை அளிக்கும் விதி உண்டு. நமக்கு அப்போது வயது 19. விண்ணப்பம் கொடுத்த நாள் முதல் ஆணை கைக்கு வரும் நாள் வரை நான்கு ஆண்டுகள் சென்றன. முதலாம் ஆண்டு ஊக்கமாக ஜெபித்தோம். இரண்டாம் ஆண்டு கடமைக்காக ஜெபித்தோம். மூன்றாம் ஆண்டு, தாயார் பார்க்கின்றார் என்ற வெட்கத்தினால் மட்டுமே கண்களை மூடினோம். நான்காம் ஆண்டில் அந்த வெட்கமும் போயிற்று. ஆணை வந்தது, நாம் ஜெபத்தை விட்ட பிற்பாடுதான்! இதனால் ஒன்றை உறுதியாகச் சொல்லக்கூடும். ஜெபத்தின் கனத்தை நிறுத்துப் பார்த்து அதற்கேற்ப வேலையை அளந்து கொடுக்கும் தராசு ஏதும் பரலோகத்தில் தொங்கவில்லை. சகோதரியார் தம்மேல் சுமத்திக்கொண்டுள்ள குற்றத்தை இன்றே இறக்கி வைக்கலாம்.

ஆயினும் நம் கதையை மட்டும் சொன்னால், “உமக்குத்தான் வேலை கிடைத்துவிட்டதே” என்று தம்பி கேட்பான். அது நியாயமான கேள்வி. ஆகையால் வேறு இருவரின் வரலாற்றைச் சொல்ல விழைகின்றோம். இந்தப் பக்கத்துச் சபைகள் பலவற்றுக்கு அவர்கள் மூதாதையர் போன்றவர்கள்.

கற்சிற்பங்களுக்குப் பெயர் பெற்ற மயிலாடி, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கின்றது. நம் காட்டாக்கடையும் பாறசாலையும் கேரளத்தில் இருக்கின்றன. நாம் கூறும் காலத்தில் யாவும் ஒரே திருவிதாங்கூர்ச் சீமை. எல்லைக்கோடு 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விழுந்தது. தென்னிந்தியத் திருச்சபையின் பேராயமும் 1959-இல் தென் கேரளம், கன்னியாகுமரி என்று இரண்டாயிற்று. அதனால்தான் நம்மில் பலர் மலையாளத்தில் ஆராதித்துத் தமிழில் அழுகின்றோம்! நிற்க.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மயிலாடியில் மகாராசன் என்றொருவர் வாழ்ந்தார். ஒடுக்கப்பட்ட குலத்தினர். கூலியில்லாத கட்டாய வேலையும், சொல்லி முடியாத வரிகளும் அம்மக்களின் முதுகில் கிடந்த காலம் அது. அடிமைத்தளை சட்டத்தால் நீங்குவதற்கே 1855 வரை செல்ல வேண்டியிருந்தது. அவர் தெய்வத்தைத் தேடிச் சிதம்பரம் வரை நடந்தார். மன அமைதி கிட்டவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கியபோது, அங்குக் கோலாப் ஐயர் செய்த பிரசங்கத்தைக் கேட்டார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். புத்தகங்கள் சிலவற்றைச் சுமந்துகொண்டு ஊர் வந்து, தம் உற்றார்க்குப் போதித்தார். அவர்களுக்கு ஒரு குருவானவர் வேண்டும் என்று கேட்டார்.

கேட்டவுடன் எவரும் புறப்பட்டு வந்துவிடவில்லை. மயிலாடிக்கும் தஞ்சைக்கும் இடையே ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர். அவ்வளவு தொலைவையும் கால்நடையாகக் கடந்துவந்த வேதமாணிக்கத்துக்கு, ஊரில் கிடைத்தது எதிர்ப்பு. ஆண்டுகள் சென்றன. கடைசியில் அவருடைய வேண்டுகோள் தரங்கம்பாடியில் இருந்த ஒருவரை எட்டியது. அவர்தாம் ரிங்கல்தௌபே.

இவ்விடத்தில் சற்றே நின்று இந்த மனிதரைப் பார்க்க வேண்டும். வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே பிரஷ்ய நாட்டுச் சிலேசியாவில் 1770-இல் பிறந்தவர். ஆலே நகரில் கற்றவர். 1797-இல் கல்கத்தாவுக்கு மிஷனெரியாக வந்து, மனம் தளர்ந்து, ஈராண்டுகளுக்குள் திரும்பிவிட்டார். நம் ஊரில் இத்தகையோரை என்ன சொல்லுவோம்? ‘பாதி வழியில் ஓடியவன்’ என்போம். அந்தப் பாதி வழிக்காரரே இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் 1804-இல் மறுபடியும் தமிழ்நாட்டுக் கரையில் இறங்கினார். தமிழ் கற்றார். 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். ஆலயம் கட்ட அனுமதி எளிதில் கிட்டவில்லை. 1809-இல் வேலுத்தம்பி தளவாயின் எழுச்சியும் அதையொட்டிய போரும் வந்தன. அமளி அடங்கிய பின் அதே ஆண்டில் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. பின்னர் பிச்சைக்குடியிருப்பு, தாமரைக்குளம், புத்தளம், ஆத்திக்காடு, கோயில்விளை, ஈத்தாமொழி என்று சபைகள் ஏழாயின.

இவ்வளவு செய்தவர் மகிழ்ச்சியுடன் இருந்தாரா என்றால், இல்லை. ஊரார் குடிசையினும் மேம்படாத வீட்டில் இருந்தார். சம்பளத்தில் பெரும்பகுதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் உள்ளத்தில் கசப்பு. தம்மிடம் வந்தோரில் பலர் வரியினின்றும் கட்டாய வேலையினின்றும் தப்பவே வருகின்றனர், உண்மையாக நாடுவோர் மிகச் சிலர் என்று வருந்தி எழுதினார். (முதுகில் சாட்டை விழுபவன் நிழல் தேடி வருவதில் என்ன குற்றம் என்று நமக்குத் தோன்றுகின்றது. ஐயர் அதில் சற்றுக் கடுமையாகவே இருந்தார்.) உடல் நலம் குன்றியது. 1816-இல் யாவற்றையும் விட்டுப் புறப்பட்டார். சென்னையில் அவரைக் கண்டவர்கள், மேற்சட்டையின்றி, நாட்டு வைக்கோல் தொப்பி அணிந்து நின்ற கோலத்தைக் குறித்திருக்கின்றனர். இலங்கைக்குச் சென்றார். அங்கிருந்து கப்பலேறினார் என்பர். அதன் பின்னர் அவரைப் பற்றிய செய்தி எவருக்கும் கிட்டவில்லை. கல்லறை எங்கே என்பதும் தெரியாது.

போகுமுன் சபைகளை யாரிடம் ஒப்படைத்தார்? வேதமாணிக்கத்திடம்தான். எந்தக் குருவானவருக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தாரோ, அந்தக் குருவானவரே போய்விட்டார். மறுபடியும் ஒருவர் வருவாரா, எப்போது வருவார் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. அந்நாளில் தந்தியும் கிடையாது, இரயிலும் கிடையாது. சீமையிலிருந்து ஒரு கடிதம் வந்து சேரவே மாதங்கள் பல ஆகும். வேதமாணிக்கத்தின் உள்ளத்தில் ஐயம் எழாதிருந்திருக்குமா? அவர் இரவில் என்ன ஜெபித்தார் என்பது நமக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றே. ஈராண்டு சென்று 1818-இல் மீட் ஐயர் வந்து சேர்ந்தபோது, சபைகள் கலையாமல் இருந்தன. மீட் ஐயர் 1828-இல் நெய்யூரில் தங்கிப் பணி தொடங்கினார். அங்கிருந்துதான் வேலை மேற்கே பாறசாலைப் பக்கம் பரவி, பாறசாலையும் மிஷன் தலமாயிற்று.

‘காத்திருந்தால் கட்டாயம் கிடைக்கும்’ என்று சொல்வதற்காக இதனை எழுதவில்லை. வேதமாணிக்கத்துக்கு மீட் ஐயர் கிடைத்தார். ரிங்கல்தௌபேக்கு என்ன கிடைத்தது? தாம் தோற்றுவிட்டதாகவே அவர் எண்ணிப் போயிருக்கக்கூடும். ஆனால் தளர்ந்த உள்ளத்தோடு அவர் நட்டவை நிலைத்தன. ஐயமும் கசப்பும் உள்ளவரின் கையைக் கர்த்தர் தட்டிவிடவில்லை. நமக்கு ஆறுதல் அளிக்கும் பகுதி இதுவே.

அண்மைக் காலத்திலும் இதற்கு ஒப்பானது உண்டு. அன்னை தெரேசா மறைந்த பின் 2007-இல் அவருடைய கடிதங்கள் நூலாக வந்தன. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவர் உள்ளத்தில் இருள் நிறைந்திருந்தது, ஜெபத்தில் கடவுளின் அண்மையை உணரவில்லை என்பதைக் கண்டு உலகம் திகைத்தது. அவ்விருளோடுதான் கல்கத்தாவின் தெருக்களில் நோயாளிகளைத் தூக்கினார். 2016-இல் அவருடைய சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

ஆபிரகாமும் எழுபத்தைந்து வயதில் வாக்குப் பெற்று நூறாவது வயதில்தான் மகனைக் கண்டார். இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளில் அவசரப்பட்டுச் செய்த பிழையும் உண்டு. தோமாவையோ சொல்ல வேண்டியதில்லை. சந்தேகத்துக்கே பெயராகிவிட்டவர். ஆனால் கேரளத்துக்குக் கி.பி. 52-இல் நற்செய்தி கொண்டு வந்தவர் என்று மரபு போற்றுவது யாரை? அந்தச் சந்தேகக்காரரைத்தானே! அவர் செய்த நல்ல காரியம் ஒன்றுண்டு. நம்ப முடியவில்லை என்று சொன்ன பின்னும் எட்டு நாளும் தோழர்களை விட்டு விலகாமல் இருந்தார். அவர்களும் அவரை வெளியே தள்ளவில்லை. இந்தப் பின்பாதி சகோதரியாருக்காகச் சொன்னது.

பிழைகளைப் பற்றியும் கேட்டிருக்கின்றார். மகனிடம் கடுமையாகப் பேசியது நெஞ்சை அறுக்கின்றதாம். நாமும் ஒன்றைச் சொல்லிவிடுகின்றோம். சென்ற ஆண்டு ஒரு மாலை, பணி மாறும் நேரம். கணக்கை முடித்துக்கொண்டிருந்தோம். முதியவர் ஒருவர் நாகர்கோவிலுக்குச் சீட்டுக் கேட்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். “சில்லறை கொண்டுவாரும்” என்றோம். பெட்டியில் சில்லறை இருந்தது. எண்ணிக் கட்டியதைப் பிரிக்க மனமில்லை. அவ்வளவே. பெரியவர் தேநீர்க்கடைக்கு நடந்தார். வண்டி வந்தது, போயிற்று. திரும்பி வந்தபோது, “மகளுக்கு நாளைக்கு ஆப்பரேஷன் மக்களே” என்று மட்டும் சொல்லி விசிப்பலகையில் உட்கார்ந்தார். வேலைக்காக நான்கு ஆண்டுகள் ஏங்கியவன், அவ்வேலை கிடைத்த பின் அந்நாற்காலியிலிருந்து செய்தது இது.

அன்றிரவு முழங்காலிட முடியவில்லை. என்ன முகத்தோடு ஜெபிப்பது? சில வாரங்கள் சென்று அப்பெரியவரை மறுபடியும் நிலையத்தில் கண்டோம். வெளியே வந்து, அன்று பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டோம். மகள் நலமாக இருப்பதாகச் சொன்னார். பிறகு, “தெரியும் மக்களே, பெட்டியிலே கட்டுக்கட்டாய் இருந்ததைப் பார்த்தேன்” என்றார்! சிரித்துக்கொண்டே பத்து ரூபாய் நாணயம் ஒன்றை நம் கையில் வைத்து, “பாறசாலைக்கு ஒண்ணு” என்றார். அன்று முதல் நம் பெட்டியில் ஒரு கட்டுச் சில்லறை எப்போதும் பிரிந்தே கிடக்கும்.

ஆகவே சகோதரியாரே, மகனிடம் கடுமையாகப் பேசியதற்கு மகனிடமே வருத்தம் தெரிவியுங்கள். தாய் மகனிடம் மன்னிப்புக் கேட்பதா என்று அண்டை வீட்டார் சொல்லக்கூடும். சொல்லட்டும். ஐயத்தோடேயே ஜெபியுங்கள். மகனை ஆலயத்துக்கு இழுக்காதீர்கள். எலியா தீர்க்கன் சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, போதும், சாகிறேன் என்று கேட்டபோது, அவனுக்கு முதலில் வந்தது பிரசங்கம் அன்று. சுட்ட அடையும் ஒரு செம்புத் தண்ணீரும், மறுபடி உறக்கமும்தான்.

தம்பி இதைப் படிப்பானாயின் அவனுக்கு ஒரு சொல். இரயில்வேத் தேர்வுகளுக்கு நாம் சேர்த்து வைத்த பழைய வினாத்தாள்கள் ஒரு கட்டு இருக்கின்றன. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் காட்டாக்கடையில் நம் வீட்டில் இருப்போம். சங்கச் செயலாளரிடம் கேட்டால் வழி சொல்லுவார். ஆலயத்தைப் பற்றி நாமாக ஒன்றும் பேசமாட்டோம். தேநீரும், வீட்டில் சுட்ட முறுக்கும் உண்டு.