பழையதை அழிக்கும் முன்

கட்டுரை ஒன்றைத் திருத்திச் சேமிக்கும்போது, பழைய கோப்பின் இடத்தில் புதிய கோப்பு அமர்கிறது. இது நொடியில் முடியும் எளிய வேலையாகவே பலருக்கும் தோன்றும். ஆனால், அந்த நொடியில் மின்தடை ஏற்பட்டால் என்ன ஆகும்? மென்பொருள் பழைய கோப்பின்மீதே நேரடியாக எழுதினால், பழையதும் இருக்காது; புதியதும் முழுமை பெறாது. பல வார உழைப்பு வீணாகிவிடும்.

இதைத் தவிர்க்க வழி உண்டு. புதிய உள்ளடக்கத்தை முதலில் அதே கோப்புறையில் ஒரு தற்காலிகக் கோப்பாக எழுத வேண்டும். அது வன்தட்டில் பதிந்துவிட்டதை உறுதிசெய்த பின்னரே, அதற்குப் பழைய கோப்பின் பெயரைச் சூட்ட வேண்டும். லினக்ஸ், மேக் ஆகிய இயங்குதளங்களில் இப்பெயர் மாற்றம் ஒரே படியில் நிகழ்கிறது. எனவே, மற்ற நிரல்கள் பழைய கோப்பையோ புதிய கோப்பையோதான் காணும்; பாதிக் கோப்பைக் காணமாட்டா.

உறுதிசெய்யும் படியைத் தவிர்ப்பதும் ஆபத்தே. 2009ஆம் ஆண்டில், லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையைப் பயன்படுத்திய சிலர், கணினி திடீரென நின்றபின் தங்கள் கோப்புகள் வெறுமையாக இருக்கக் கண்டனர். தரவு பதியும் முன்னரே பெயர் மாறியது அதற்கு ஒரு காரணம்.

விண்டோஸில் நிலைமை வேறு. அங்கே, சி மொழியின் பெயர் மாற்றக் கட்டளை, அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் தோல்வியடையும். அதனால், பழையதை முதலில் அழித்துவிட்டுப் பிறகு பெயரை மாற்றும் குறுக்கு வழியை நிரலாளர் சிலர் நாடுகின்றனர். இவ்விரண்டு செயல்களுக்கும் இடையில் கணினி நின்றுவிட்டால், அந்தப் பெயரில் கோப்பே இராது.

பைத்தான் மொழி, 2012இல் வெளிவந்த 3.3ஆம் பதிப்பில், எல்லா இயங்குதளங்களுக்கும் பொதுவான மாற்றீட்டுக் கட்டளையைச் சேர்த்தது. வேறொரு நிரல் கோப்பைத் திறந்து வைத்திருந்தால், விண்டோஸில் இக்கட்டளையும் தோற்கலாம். ஆயினும், பழைய கோப்பு அழியாது. பாதுகாப்பான தோல்வி என்பது இதுதான்.

பயனர்கள் நகல் எடுத்து வைத்தால் போதாதா எனச் சிலர் கேட்கலாம். நகல் எடுப்பது நல்ல பழக்கமே. எனினும், 'சேமி' என்னும் பொத்தானை அழுத்துபவர் அதை நம்பியே அழுத்துகிறார். அந்த நம்பிக்கையைக் காப்பது நிரலாளரின் கடமை. ஓர் இயங்குதளத்தில் சரியாக இயங்கிய நிரல் எல்லாவற்றிலும் அப்படியே இயங்கும் என்று எண்ணுவது தவறு. நிரல் எழுதக் கற்கும் மாணவர்கள், புதியது உறுதியாகும்வரை பழையதைத் தொடக்கூடாது என்னும் நெறியைத் தொடக்கத்திலேயே பழகிக்கொள்வது நன்று.