கணினிப் பக்கம்: ஒரே காணியில் இரண்டு வீடு

விண்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திக்கொண்டது. 2017 இற்கு முன் செய்யப்பட்ட கணினிகள் பெரும்பாலும் விண்டோஸ் 11ஐ ஏற்பதில்லை. நன்றாக ஓடுகிற கணினியைக் குப்பையில் போட மனம் வராமல், விண்டோசையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்சையும் நிறுவலாமா என்று எம்மிடம் கேட்பவர்கள் பலர். தாராளமாக நிறுவலாம். காசும் செலவில்லை. ஆனால் பாதி வழியில், வன்தட்டைப் பிரிக்கும் கட்டத்தில், ஏதாவது ஒரு பிழைச்செய்தி வந்து மறிக்கும். அந்த இடத்தில் எம்மவர் செய்கிற ஒரு காரியம்தான் எமக்குக் கவலை தருகிறது.

'தட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு' என்ற தெரிவு கண்ணுக்கு முன்னால் நிற்கும். அதை அழுத்தியவுடன் பிழைச்செய்தி மறைந்துவிடும். அதோடு விண்டோசும், பிள்ளைகளின் பாடங்களும், வதிவிட அனுமதி வழக்கின் கடிதங்களும், ஊரிலிருந்து மடித்துக் கொண்டுவந்து ஸ்கேன் செய்து வைத்த படங்களும் மறைந்துவிடும். அந்தப் படங்களில் எத்தனையோவுக்கு மூலப்படம் இன்று எங்கும் இல்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. செய்தி வருவது ஜேர்மனில், அல்லது பிரெஞ்சில், அல்லது நோர்வேஜியனில். மகளுக்கு மொழி விளங்கும், விசயம் விளங்காது. தகப்பனுக்கு விசயம் விளங்கும், மொழி முழுதாக விளங்காது. "அப்பா, அழிக்கவோ எண்டு கேக்குது" என்று பிள்ளை வாசிக்க, "ஓமெண்டு குடு" என்று அப்பா குசினிக்குள் இருந்து சொல்ல, காரியம் முடிந்துவிடும். ஆகவே சில சொற்களை மனதில் வைத்திருங்கள். ஜேர்மனில் 'லோஷன்', பிரெஞ்சில் 'எஃபாசே', நோர்வேஜியனில் 'ஸ்லெத்த', ஆங்கிலத்தில் 'இரேஸ்'. நான்கும் அழித்தல்தான். (ஜேர்மன்காரர் தீயை அணைப்பதற்கும் இதே சொல்லைத்தான் பாவிப்பார்கள். இங்கே அணைவது தீ அல்ல.) 'போர்மாட்' என்பது எந்த மொழியிலும் போர்மாட்தான்.

முதல் வேலை பிரதி எடுப்பது. பிரதி கணினிக்கு வெளியே, தனியான யு.எஸ்.பி தட்டொன்றில் இருக்க வேண்டும். அதே வன்தட்டின் டி பகுதியில் வைத்தால் அது பிரதியல்ல. ஒரே வீட்டில் அடுத்த அறை. எடுத்த பின்னர் வேறொரு கணினியில் பத்துப் படத்தையாவது திறந்து பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது வேலை திறப்பு. சில கணினிகளில் விண்டோஸ் தட்டைப் 'பிட்லொக்கர்' முறையில் பூட்டி வைத்திருக்கும், அது வீட்டுக்காரருக்கே தெரிந்திராது. பூட்டியிருக்கும்போது லினக்ஸ் நிறுவி இடத்தைச் சுருக்க மறுக்கும். கணினியின் அடிப்படை அமைப்புகளில் கை வைத்தால் விண்டோசும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் பெரும்பாலும், கணினியை முதன்முதலில் தொடக்கியவரின் மைக்ரோசொப்ட் கணக்கில் கிடக்கும். எங்கள் வீடுகளில் அது மூத்த மகனின் கணக்காக இருக்கும். அவன் படிக்கவென்று வேறு நகரத்தில் இருப்பான். தொலைபேசி எடுத்து எண்ணை வாங்கிக் கடதாசியில் எழுதி வைத்த பின்னரே மற்ற வேலை. பிறகு விண்டோசுக்குள் சென்று பூட்டை எடுத்துவிடலாம்.

இனிப் பிழைச்செய்திகளுக்கு வருவோம். வன்தட்டை ஒரு காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வேலி எங்கே போகிறது என்பது தட்டின் தொடக்கத்தில் ஒரு சிறிய அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும். அதுதான் காணி உறுதி. பழைய உறுதி முறைக்கு எம்.பி.ஆர் என்று பெயர். 1983 இல் ஐ.பி.எம் கணினிகளுக்கு வந்த டொஸ் 2 காலத்து ஏற்பாடு. அதில் நான்கு துண்டுகளை எழுத மட்டுமே இடம் உண்டு. துண்டொன்றுக்கு 16 பைட், மொத்தம் 64 பைட், அவ்வளவுதான். புதிய முறை ஜி.பி.டி. அதில் வழமையாக 128 துண்டுகள் எழுதலாம். உறுதியின் பிரதி ஒன்று தட்டின் கடைசியிலும் பத்திரமாக இருக்கும்.

விண்டோஸ் 7 காலத்துக் கணினிகளில் பல, கடையிலிருந்து வரும்போதே நான்கு துண்டும் நிரம்பி வந்தவை: தொடக்கத்துக்கான 100 மெகாபைட் துண்டு, சி, டி, தயாரிப்பாளர் வைத்த மீட்புத் துண்டு. நீங்கள் சியைச் சுருக்கி 50 கிகாபைட் வெறும் நிலம் எடுத்தாலும் லினக்ஸ் நிறுவி அதைப் 'பயன்படுத்த முடியாதது' என்று காட்டும். தட்டுப் பழுதாகிவிட்டது என்று பயந்து புதுத்தட்டு வாங்கப் போகிறவர்களும் உண்டு. நிலத்தில் ஒரு பழுதும் இல்லை. உறுதியில் ஐந்தாவது பெயரை எழுத வரி இல்லை, அதுதான் விசயம். டியில் உள்ளவற்றை வெளியே எடுத்துவிட்டு, விண்டோசின் தட்டு முகாமைக் கருவியில் டியை மட்டும் நீக்குங்கள். பின்னர் லினக்ஸ் நிறுவியில், காலியான அந்த இடத்தில் 'விரிவாக்கிய' துண்டு ஒன்றை அமைத்தால் அதற்குள் வேண்டிய உள்துண்டுகளைப் பிரிக்கலாம். லினக்ஸ் உள்துண்டிலிருந்தும் குறையில்லாமல் இயங்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஐந்தாவது துண்டை விண்டோசிலேயே அமைக்கப் பார்த்தால், தட்டை 'டைனமிக்' ஆக மாற்றட்டுமா என்று மிக மரியாதையாகக் கேட்கும். ஓம் என்றால் நான்கு என்ற கட்டுப்பாடு போய்விடும். ஆனால் லினக்ஸ் நிறுவிகள் அப்படிப்பட்ட தட்டை ஒழுங்காகக் கையாளமாட்டா. பழையபடி மாற்றப் போனால், எல்லாத் துண்டுகளையும் நீக்கிவிட்டு வா என்று விண்டோசின் கருவி சொல்லும். இல்லை என்று சொல்லி வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்த தொல்லை, கோழித்தூக்கம். 2012 இல் விண்டோஸ் 8 உடன் 'வேகத் தொடக்கம்' என்றொரு வசதி வந்தது. நிறுத்து என்று அழுத்தினாலும் விண்டோஸ் முழுதாக நிற்பதில்லை. தன் நினைவில் ஒரு பகுதியைத் தட்டில் எழுதிவிட்டு அரைக்கண் மூடிக்கொள்கிறது. லினக்ஸ் வந்து பார்க்கையில் சி இன்னும் பாவனையில் இருப்பதாகத் தெரியும். சுருக்கவோ எழுதவோ மாட்டேன் என்று அது நிற்பது உங்கள் நன்மைக்கே. மின்சக்தித் தெரிவுகளில் இந்த வசதியை நீக்கிவிடலாம்; அல்லது ஷிப்ட் விசையை அழுத்தியபடி நிறுத்தினால் அந்தத் தடவை முழுதாக நிற்கும். அதன் பிறகும் பிழை சொன்னால் விண்டோசில் சியை வலப்பக்கம் சொடுக்கி, 'பண்புகள்' என்பதில் உள்ள பிழைச் சோதனையை ஓடவிட்டு, இரண்டு தடவை மீளத் தொடக்குங்கள்.

சியில் 200 கிகாபைட் காலியாகக் கிடந்தும் 8 கிகாபைட்தான் சுருக்கலாம் என்று விண்டோஸ் அடம்பிடிப்பதும் உண்டு. காணிக்கு நடுவே கிணறு இருந்தால் வேலியை அதற்கு இப்பால் நகர்த்த முடியாதல்லவா? நினைவகப் பக்கக் கோப்பு, உறக்கநிலைக் கோப்பு, மீட்புப் புள்ளிகள் ஆகியவைதான் அந்தக் கிணறுகள். மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, மீளத் தொடக்கி, சுருக்கிய பின் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். சுருக்கும் வேலையை விண்டோசின் கருவியிடமே விடுவது நல்லது என்பது எமது எண்ணம்.

சில வேளைகளில் கோளாறு தட்டிலேயே இல்லை, வாசலில். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த கணினிகள் பலவற்றில் தொடங்குவதற்கு இரண்டு வாசல்கள்: பழைய பயோஸ் முறை, புதிய யூ.ஈ.எப்.ஐ முறை. விண்டோஸ் ஒரு வாசலாலும் உங்கள் யு.எஸ்.பி மற்ற வாசலாலும் வந்தால் இருவரும் சந்திப்பதில்லை. ஜி.பி.டி தட்டில் விண்டோசை நிறுவ முடியாது என்ற செய்தியும் இதனால் வருவதுதான். தட்டை அழிக்க வேண்டியதில்லை. விண்டோசின் கணினித் தகவல் பக்கத்தில் பயோஸ் முறை எது என்று பார்த்து, தொடக்கப் பட்டியலில் யு.எஸ்.பியின் பெயர் இரண்டு தடவை இருந்தால் அதே முறைக்குரியதைத் தெரிவு செய்தால் போதும்.

தட்டையே காணவில்லை என்று நிறுவி சொன்னால் பெரும்பாலும் இன்டெலின் ஆர்.எஸ்.டி அமைப்பு இயங்குகிறது. பயோசில் அதை ஏ.எச்.சி.ஐ என மாற்ற வேண்டும். ஆனால் நேரே மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். முதலில் விண்டோசைப் பாதுகாப்பு முறையில் தொடங்கும்படி அமைத்துவிட்டு, மீளத் தொடங்கும்போது பயோசில் மாற்றி, ஒரு தடவை உள்ளே போய் வந்தபின் வழமைக்குத் திருப்புங்கள்.

ஏற்கெனவே அழுத்திவிட்டீர்களானால் கணினியை அந்தக் கணமே நிறுத்துங்கள். மீண்டும் நிறுவிப் பார்க்க வேண்டாம். வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பூட்டி, கிறிஸ்தோப் கிரெனியே என்பவர் எழுதிய 'டெஸ்ட்டிஸ்க்' என்ற இலவச மென்பொருளால் தேடுங்கள். அழிந்தது உறுதி மட்டும் என்றால் பழைய எல்லைகளை அது கண்டுபிடித்துவிடும். வேலியைப் பிடுங்கினாலும் கதியால் நட்ட குழி தெரிவது போல. மேலே புதிதாக எழுதப்பட்டிருந்தால் அதனுடன் வரும் 'போட்டோரெக்' எஞ்சிய படங்களைப் பெயரில்லாமல் பொறுக்கித் தரும். சுழலும் பழைய தட்டுகளில் நம்பிக்கை கூட. எஸ்.எஸ்.டி தட்டுகளில், போர்மாட் செய்தவுடன் அந்த இடம் வேண்டாம் என்று தட்டுக்கு அறிவிக்கப்பட்டுவிடுவதால், சிறிது நேரத்தில் உள்ளே இருந்ததைத் தட்டே துடைத்துவிடும்.

அடுத்த இதழில், பாமினி எழுத்துருவில் எழுதி வைத்த பழைய கடிதங்களை லினக்சில் திறப்பது பற்றிப் பார்ப்போம்.