கப்பி மீனும் ஏலமலை ஓடைகளும்

உடும்பஞ்சோலை ஏலத்தோட்டங்களில், கோடைப் பாசனத்துக்காகப் படுதா விரித்து அமைத்த குளங்களிலே, கொசுப்புழு பெருகாதிருக்கும்பொருட்டுக் கப்பி மீனை விடுவது நல்லெண்ணத்தில் பிறந்த காரியமே. ஆயினும், விரல் நீளம்கூட இல்லாத இப்பிராணியால் என்ன அபாயம் நேர்ந்துவிடும் என்று கேட்போருக்கு, அபாயம் அதன் உருவத்தில் அன்று, சந்தான விருத்தியில் இருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

தென்னமெரிக்காவின் வடபகுதியையும் டிரினிடாடையும் தாயகமாகக் கொண்ட இம்மீன், முட்டையிடாமல், ஏறக்குறைய நான்கு வாரங்களுக்கு ஒருமுறை நீந்தவல்ல குஞ்சுகளையே ஈனுகிறது. அடிவயிற்றில் கருமை படர்ந்த சூல்மீன், ஒருமுறை பெற்ற விந்தைப் பல மாதங்கள் உடலில் காத்துவைக்க வல்லதாதலால், துணையின்றித் தனியே ஓர் ஓடையை அடைந்தாலும் அங்கே தன் வமிசத்தை நிலைநாட்டிவிடக்கூடும். 1976-இல் டிரினிடாடின் அரிப்போ ஆற்றில், கொன்றுண்ணும் பெருமீன்கள் மிகுந்த பகுதியிலிருந்து அவை இல்லாத கிளையோடைக்குக் கப்பிகளை மாற்றிய விஞ்ஞானிகள், 11 ஆண்டுகளுக்குள் அவற்றின் பருவமெய்தும் வயதும் குஞ்சுகளின் பருமனும் பரம்பரைக் குணமாகவே மாறியிருக்கக் கண்டனர். புதிய இடத்துக்கு இத்தனை விரைவில் இசைந்துகொள்ளும் ஜீவனை, இன்று அது செய்யும் தீங்கை மட்டும் கொண்டு மதிப்பிடுதல் போதாது.

அந்நிய நீர்வாழ் உயிர்களை ஆராய இக்காலத்தில் வழங்கும் முறைகளுள் ஒன்று 55 கேள்விகளை எழுப்பி மதிப்பெண் இடுகிறது. அக்கணக்கு அவசியமே. ஆனால், குளம் நிரம்பினால் நீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு, வாய்க்கால் ஓரத்தில் நின்று பார்த்தவனே விடை சொல்ல முடியும். இடவப்பாதி மழையில் கரை தளும்பும் நீர், ஏலத்தூறுகளுக்கிடையே வழிந்து சரிவில் இறங்கிப் பன்னியாற்றையும், அதன்வழி முதிரப்புழையையும், முடிவில் பெரியாற்றையும் சேர்கிறது. மலைக்குளிர் இம்மீனைத் தடுக்கும் என்பார் உளர்; கீழே இறங்க இறங்க நீர் வெதுவெதுப்பாவதை அவர்கள் எண்ணவில்லை.

பெரியாற்றின் அனுபவம் நமக்குப் புதிதன்று. உலகில் வேறெங்கும் காணக்கிடைக்காத மச்ச ஜாதிகள் வாழும் தேக்கடிப் பகுதியில், அந்நியக் கெண்டையும் திலாப்பியாவும் குடியேறிய பின் அவற்றை அகற்ற வழியில்லாமற் போயிற்று. கொசு ஒழிப்புக்காகவே 1928-இல் இத்தாலியிலிருந்து பெங்களூருக்கு வருவிக்கப்பட்ட, கப்பியின் உறவான கம்பூசியாவோ, உலகின் மிகக் கொடிய 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இன்று இடம்பெற்றுவிட்டது.

ஆதலின், போக்குவாய் இல்லாத கிணற்றிலும் சிமெண்டுத் தொட்டியிலும் கப்பியை வளர்ப்பதற்கு நான் தடை சொல்லேன். ஓடைக்கு வழிந்தோடும் குளத்தில் மட்டும் அதை விடவே கூடாது. அங்கே, அந்தந்த ஓடைக்கே உரிய, கொசுப்புழு தின்னும் சிறுமீன்களைப் பெருக்கலாம். மீன் வழங்கும் சுகாதார ஊழியர்களும் பஞ்சாயத்தாரும், வழங்குமுன் ஒவ்வொரு குளத்தின் வழிவாயையும் நேரில் சென்று பார்த்துவர வேண்டுகிறேன்.