மருந்து தெளிக்கும் டிரோனும் அதன் அதிர்வு வடிகட்டியும்

கொங்கு நாட்டில் மக்காச்சோளம், கரும்பு, பருத்தி முதலிய பயிர்களுக்கு டிரோன் கொண்டு மருந்து தெளிக்கும் வழக்கம் பரவி வருகின்றது. 2018-ஆம் ஆண்டில் நம் தேசத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட படைப்புழுவானது, ஆள் மறையும் மக்காச்சோளக் காட்டினுள் கைத்தெளிப்பானைச் சுமந்து செல்வது எத்துணைத் துன்பம் என்பதை யாவருக்கும் உணர்த்திற்று. 2023-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு டிரோன் அளிக்கத் திட்டம் வகுத்து, விலையில் 100-க்கு 80 பங்கை, 8 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல், மானியமாக அறிவித்தது. எஞ்சிய தொகை குழுவின் பொறுப்பாகும். யந்திரம் ஒருமுறை நிலைதடுமாறி விழுமாயின், அந்த நஷ்டம் எளிய குடும்பங்களையே சாரும்.

இவ்வாறு தடுமாறுவதற்குரிய காரணங்களுள் ஒன்று, 'வடிகட்டி' எண்களைப் பிறர் யந்திரத்தினின்று பார்த்து அப்படியே பதிந்துகொள்ளுதலாம். இவ்வழக்கம் அறவே ஒழிய வேண்டுமென்பது எமது அபிப்பிராயம்.

வடிகட்டி யாதெனில் கூறுவோம். டிரோனின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலுள்ள கைரோ என்னும் கருவி, யந்திரம் எப்பக்கம் எவ்வளவு வேகமாகச் சாய்கின்றதென்பதை இடைவிடாது அளந்து கூறும். மோட்டாரும் விசிறியும் சுழலும்போது எழும் அதிர்ச்சியும் அவ்வளவில் கலந்துவிடும். அக்கலப்பை நீக்கி மெய்யான சாய்வை மட்டும் தருவதே வடிகட்டியின் வேலை.

கிணற்றுப் பம்பின் புட்வால்வுச் சல்லடையைக் குடியானவர் அறிவர். கண் பெரிதானால் மணல் ஏறும். மிகச் சிறிதானால் தண்ணீர் தடைப்படும். வடிகட்டியும் அத்தகையதே. தளர்வாக வைத்தால் அதிர்ச்சி மோட்டார்வரை சென்று அதனைச் சூடேற்றும். மிக இறுக்கமாக வைத்தால் செய்தி தாமதித்து வந்துசேரும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்று யந்திரத்தைத் திடீரெனத் தள்ளும்போது, அத்தாமதம் சிறிதாயினும் ஊசலாட்டத்தை உண்டாக்கும்.

ஆர்டுபைலட் என்னும் மென்பொருளில் இயங்கும் பெட்டிகளில், மிஷன் பிளானர் என்னும் கணினிச் செயலியால் இவ்வெண்களை அமைக்கலாம். கைரோ வடிகட்டிக்கு 5 அங்குல விசிறியாயின் 80 ஹெர்ட்ஸ், 10 அங்குலமாயின் 40, 20 அங்குலமும் அதற்கு மேலுமாயின் 20 என்பன தொடக்க அளவுகள். பந்தய டிரோனுக்குரிய எண்ணைப் பெரிய விசிறியுடைய தெளிப்பு யந்திரத்தில் பதிதல் எவ்வளவு பொருந்தாதது என்பது இதனாலேயே விளங்கும்.

தெளிப்பு யந்திரத்திற்கு மற்றுமொரு விசேஷம் உண்டு. பறக்கும்போதே அதன் எடை குறைகின்றது. 10 லிட்டர் மருந்துடன் 24 கிலோ இருக்கும் யந்திரம், தொட்டி காலியானதும் 14 கிலோவாகின்றது. நிறைந்திருக்கையில் விசிறி நிமிஷத்திற்கு 3,000 சுற்று, அதாவது வினாடிக்கு 50 சுற்று சுழன்றதெனில், காலியானபின் ஏறத்தாழ 38 சுற்றே போதும். ஒரு குறித்த அதிர்வை மட்டும் வெட்டும் 'நாட்ச்' வடிகட்டியை 50-இல் அசையாமல் நிறுத்தினால், கடைசிச் சால்களில் அது பயன்படாது. விசிறியின் வேகத்தைத் தொடர்ந்து தானும் நகருமாறு அதனை அமைத்தல் வேண்டும். இதற்கு நிறை தொட்டியுடனும் வெறுந்தொட்டியுடனும் தண்ணீர் கொண்டே பறக்கவிட்டுப் பதிவெடுத்துப் பார்ப்பதன்றி வேறு வழியில்லை.

எனினும், எண்ணில் கைவைக்குமுன் யந்திரத்தைச் செப்பனிடுதலே முறை. பதிவில் அதிர்ச்சி அளவு 30-க்குள் இருத்தல் நலம். 60-ஐத் தாண்டினால் பெரும்பாலும் கேடே. கீறல் விழுந்த இறக்கை, தளர்ந்த திருகு, ஆட்டங்கண்ட கை, தேய்ந்த பேரிங் ஆகியவற்றை எந்த வடிகட்டியும் குணப்படுத்தாது. மோட்டார்த் தொழிலுக்குப் பெயர்பெற்ற கோயமுத்தூர்ச் சீமையில் இதனை விரித்துரைத்தல் மிகை.

"விற்றவரே பார்த்துக்கொள்வார், நமக்கேன் இக்கவலை?" என்று சிலர் வினவலாம். 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி வகைச் சான்று பெற்ற யந்திரத்தில், தயாரித்தோரின் சம்மதமின்றி எதையும் மாற்றலாகாது என்பதே எமது கருத்தும். ஆனால் பதிவைப் படிக்கத் தெரியாதவர், குறை உண்டென்பதையே அறியார். அறியாதவர் தயாரித்தோரிடம் எதைக் கேட்பார்? விசிறி மாற்றிய தேதி, பறப்புக்குப்பின் மோட்டாரின் சூடு, அதிர்ச்சி அளவு, அப்போதிருந்த வடிகட்டி எண்கள் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைப்பாராயின், பழுது முற்றுமுன் சான்றுடன் பேச இயலும்.

ஓட்டுநர் பயிற்சியில் ஏற்றவும் இறக்கவும் கற்பித்தல் மட்டும் போதாது. அதிர்ச்சிப் பதிவை வாசிக்கும் பாடம் ஒரு நாளேனும் சேர்க்கப்படல் வேண்டும். டிரோன் வாங்கும் குழுக்களும் அதனைக் கேட்டுப் பெறுவார்களாக.