யந்திரத்தோடு வந்த மென்பொருள் யாருடையது?

புதிய கணினியை வாங்குவோர் அதனுட் பதிக்கப்பெற்ற மென்பொருளுக்கும் சேர்த்தே விலை தருகின்றனர். யந்திரம் பழுதுற்று ஒழிந்தபின், அம்மென்பொருளைப் பிறிதொரு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாமோ? மைக்ரோசாப்ட் கம்பெனியாரின் உரிமப் பத்திரம், கணினியோடு வந்த விண்டோஸ் அக்கணினியோடன்றிப் பிறர்பாற் செல்லலாகாதென்றும், தனியே விலைக்குப் பெற்றதாயின் வேறு கணினிக்கு மாற்றலாமென்றும் கூறுகின்றது. சேர்த்து விற்பதனை மலிவாக அளிக்கின்றமையின் இக்கட்டுப்பாடு தகும் என்பது அன்னார் வாதம்.

இவ்வாதம் ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் 2000-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் தோல்வியுற்றது. புதிய கணினியோடு மட்டுமே விற்றற்குரியன என்று குறிக்கப்பட்ட பிரதிகளை வியாபாரி ஒருவர் கணினியின்றித் தனியே விற்றார். உரிமையாளர் இசைவோடு ஒரு பிரதி சந்தைக்கு வந்துவிட்டதாயின், அதன் மறுவிற்பனையைத் தடுக்கும் அதிகாரம் அவர்க்கு அத்துடன் தீர்ந்தது என்று நீதிமன்றம் கண்டது. முதலில் வாங்கினார் செய்த உடன்படிக்கை அவரையே பற்றும். பொருளைப் பின்தொடர்ந்து கைகள்தோறும் செல்லாது. இதுவே நேரிய நெறியென்பது எமது துணிபு.

அன்றியும் இது புதியதொரு நியாயமன்று. ஒரு டாலருக்குக் குறைத்து விற்கலாகாதென அச்சிடப்பட்ட நாவலொன்றை மேசி கடையார் 89 சென்டுக்கு விற்றபொழுது, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-இல் கடையார் பக்கமே நின்றது. அந்நாட்டிலேயே 2010-இல், ஆட்டோகேட் மென்பொருளைப் பற்றிய வழக்கில், மேல்முறையீட்டு மன்றமொன்று வேறு கூறிற்று: அது விற்கப்பட்டதன்று, உரிமம் அளிக்கப்பட்டதே, ஆதலின் மறுவிற்பனையுரிமை எழாது என்று. விலையைப் பெற்றுக்கொண்டு 'விற்றிலேம்' என்பது விந்தையே!

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012-இல் இச்சொல்லாட்சிக்கு இணங்கவில்லை. ஒரு விலைக்குக் கால எல்லையின்றி அளிக்கப்படும் உரிமம், எப்பெயர் பெறினும், விற்பனையே என்றது. ஆயினும் விற்பவர் தம்மிடமுள்ள பிரதியைப் பயன்படாதவாறு செய்தல் வேண்டுமென்றும் விதித்தது. இந்நிபந்தனை முற்றிலும் நியாயமானது. ஒரு விலைக்கு இரு கணினிகளில் ஓட்டுவோர்க்காக ஈண்டு யாம் வாதிடுகின்றிலேம். அந்நீதிமன்றமே 2016-இல், மூல வட்டு அழிந்தவிடத்துக் காப்புப் பிரதியை உரிமையாளர் இசைவின்றி விற்றல் ஆகாது என்றும் தீர்த்தது. வட்டே இன்றி மென்பொருளோடு வரும் கணினிகள் மலிந்த இந்நாளில் இது சிறு தடையன்று.

அதனினும் பெரிய தடை யந்திரத்தினுள்ளேயே உளது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தது முதல், அதன் திறவெண்ணை மதர்போர்டிலேயே பொதிந்து வைத்தல் கணினி செய்வோரிடை வழக்கமாயிற்று. மதர்போர்டு ஒழியின் எண்ணும் உடன் ஒழியும். சட்டம் 'மாற்றலாம்' என்று கூறும் நாட்டிலும், மாற்றுதற்குக் கைப்பொருள் ஒன்றுமில்லை. பழைய பிரதி நீக்கப்பட்டமையை மெய்ப்பிப்பார்க்கு, புதிய கணினிக்குரிய எண்ணைக் கம்பெனியார் தந்தே தீரல் வேண்டுமென்று சட்டமியற்றுவோர் விதித்தாலன்றி, மேற்கண்ட தீர்ப்புக்களால் எளிய வாங்குநர் அடையும் பயன் மிகச் சிறிதே.